ஒரு கைக்கு ஏற்ற தூண்டில்

கொழும்பு,
1936 ஜூன் 7.

பிரியமுள்ள அத்தானுக்கு எலிசாள் எழுதுகிறது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம். உங்கள் சுகத்தை உங்கள் கையெழுத்தில் அறிய ஆசை. இங்கே வந்தபின் நான் எழுதின கடிதம் ஒன்றுக்கும் பதில் இல்லை. உங்கள் கூட்டாளி திரவியம் அண்ணன் மட்டும் ஒரு கார்டு போட்டார். "ஞானையன் சாப்பிடுகிறான், தூங்குகிறான், யாரோடும் பேச்சில்லை. வேளிக் காயல் பக்கமே வருவதில்லை" என்று எழுதியிருந்தார்.

மேல்சோலை எஸ்டேட்டில் தேயிலை உருட்டுகிற மிஷின் உங்கள் இடது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துக்கொண்டது. ஒற்றைக் கை ஃபிட்டர் வேண்டாம் என்று துரை அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு பொன்முடி மலையிலிருந்து இறங்கி வந்து திருவனந்தபுரத்துச் சாக்கை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டது நீங்களாகச் செய்தது. நெய்யூரில் படித்த நர்ஸ் வேலையை நம்பி நான் கப்பல் ஏறினேன். உங்களை விட்டுப் போவதற்காக இல்லை. தம்பானூர் ஸ்டேஷனில் "போனால் திரும்பி வராதே" என்றீர்கள். அதை இப்போது பேசவில்லை.

போன சனிக்கிழமை இங்கே துறைமுகச் சுவரில் ஒரு வெள்ளைக்காரரைப் பார்த்தேன். சண்டையில் கை போனவராம். உங்களைப் போலவே இடது கை இல்லை. அவர் தூண்டில் வீசி, சுற்றி இழுத்து, ஒரு பாரை மீனைக் கல்லின்மேல் போட்டார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். என்னோடு கப்பலில் வந்த நர்ஸ் சுசீலாபாய் வந்து இழுத்துக்கொண்டு போகும்வரை நின்றேன்.

திங்கட்கிழமையே கோட்டைக் கடைத்தெருவில் தூண்டில் விற்கிற கடைக்குப் போனேன். எந்த மீனுக்கு என்று கடைக்காரர் கேட்டார். கொடுவாவுக்கு என்றேன். அவருக்குப் பேர் புரியவில்லை. வெள்ளி நிறம், கூனல் முதுகு, இருட்டில் கண் தணல் மாதிரி மின்னும், பிடிபட்டால் தலையை உதறிக்கொண்டு குதிக்கும் என்றேன். உடனே கடையிலேயே பெரிய கம்பை எடுத்துக் கொடுத்தார். ரீலும் நூலும் சேர்த்து, லீவில் நெய்யாற்றின்கரைக்கு வருகிற சுசீலாபாய் கையில் அனுப்பியிருக்கிறேன்.

எனக்கு எழுத வேண்டாம். காயலுக்குப் போங்கள்.

எலிசாள்


சாக்கை, திருவனந்தபுரம்,
1936 ஜூன் 24.

எலிசாளுக்கு,

சாமான் வந்தது. அதே சுசீலாபாய் கையில் திருப்பி அனுப்புகிறேன்.

எனக்கு எத்தனை கை என்று கடைக்காரரிடம் சொன்னாயா? இது இரண்டு கைக்காரன் கம்பு. அடியில் ஒரு கை, நடுவில் ஒரு கை பிடித்து ஓங்க வேண்டும். முற்றத்தில் ஒரு தடவை ஓங்கிப் பார்த்தேன். கம்பு என்னை இழுத்துக்கொண்டு போய் வாழை மூட்டில் விட்டது. வேலிக்கு அப்பால் நின்றவர்கள் சிரித்தார்கள். அதற்குத்தான் அனுப்பினாய் என்றால் காரியம் நடந்துவிட்டது.

நான் முன்னே வேளியில் மீன் பிடித்தது வெறும் நூலில். கைமாற்றிக் கைமாற்றி இழுப்பேன். அந்தக் காலம் முடிந்தது. இதை நீ கிளற வேண்டிய அவசியம் இல்லை.

இன்னொன்று. அந்த ரீல் பெரிய சக்கரம். கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றுதான். கொடுவா சில நேரம் நம்மை நோக்கியே ஓடி வரும். அப்போது நூலை வேகமாகச் சுற்றாவிட்டால் நூல் தளரும். தளர்ந்தால் தலையை உதறித் தூண்டில் முள்ளைத் துப்பிவிடும். அதற்கு உள்ளே பல்சக்கரம் வைத்த ரீல் வேண்டும், கைப்பிடி ஒரு சுற்றுக்கு உருளை பல சுற்று ஓடுகிற மாதிரி. கம்பும் குட்டையாக இருக்க வேண்டும். ஒரே கையால் வீசிவிட்டு, அதே கையால் சுற்ற முடிய வேண்டும். அப்படி ஒரு கம்பை யாரும் செய்திருக்கமாட்டார்கள்.

வாங்கச் சொல்லி எழுதவில்லை. தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

ஞானையன்

ரீலைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பூட்டினேன். காலிடுக்கில் வைத்துக்கொண்டு பிரித்தேன். வேலைப்பாடு சுத்தமாக இருக்கிறது.


கொழும்பு,
1936 ஜூலை 12.

பிரியமுள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் படித்தபோது அழுகை வந்தது. இரண்டாம் தடவை படித்தபோது கோபம் வந்தது. அப்புறம் படிக்கையில்தான் பார்த்தேன், பாதிக் கடிதம் ரீலைப் பற்றி. அதற்குமேல் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஒவ்வொரு வரியாக அவருக்கு இங்கிலீஷில் சொன்னேன். முதலில் முகத்தைச் சுளித்தார். "கைப்பிடி ஒரு சுற்று, உருளை பல சுற்று" என்று சொன்ன இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "உங்கள் வீட்டுக்காரருக்கு என்ன வேலை?" என்று கேட்டார். "ஃபிட்டர்" என்றேன். ஃபிட்டராக இருந்தார் என்று நான் சொல்லவில்லை.

யாரும் செய்திருக்கமாட்டார்கள் என்றீர்களே, அமெரிக்காக்காரர்கள் செய்திருக்கிறார்கள். உள்ளே கிடந்த பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். கம்பு என் தோள் உயரம்தான். பிடியில் ஆள்காட்டி விரலை மாட்ட ஒரு கொக்கி இருக்கிறது, ஒரு கையால் வீசுவதற்கென்றே வைத்தது. அதில் இரண்டு தினுசு காட்டினார். ஒன்று எஃகுக் குழாய். இன்னொன்று மூங்கிலைச் சீவி ஒட்டி வார்னிஷ் போட்டது. எஃகு உடையாது என்றார். இரண்டையும் வலது கையில் மாற்றி மாற்றி வெகுநேரம் ஆட்டிப் பார்த்தேன். எஃகு கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டை வலிக்க வைத்தது. வேளிக் காற்றில் உப்பு வேறு, துருப்பிடிக்கும். உங்களிடம் மாற்றிப் பிடிக்க இன்னொரு கை இல்லை. ஆகவே மூங்கில். வார்னிஷ் உரிந்தால் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

ரீல் சின்னது, பல்சக்கரம் வைத்தது, நீங்கள் கேட்டது. கேட்கவில்லை, தெரிந்திருக்கட்டும் என்று எழுதியது. நூல் பின்னல் பட்டு. போய்வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடாவிட்டால் இற்றுப்போகும் என்றார். பொய் இரைக்கு ஸ்பூன் என்று ஒன்று கொடுத்தார். சாப்பிடுகிற கரண்டியேதான், காம்பு மட்டும் இல்லை. தண்ணீரில் சின்ன மீன் மாதிரி புரளுமாம்.

எல்லாம் பார்சலில் வருகிறது. இதில் குறை இருந்தால் எழுதுங்கள். திட்டி எழுதினாலும் சரி.

எலிசாள்


சாக்கை,
1936 ஆகஸ்ட் 16.

எலிசாளுக்கு,

கம்பு சரி. ரீல் மிகச் சரி.

ஆனால் அதைப் பழக்குவது மாட்டைப் பழக்குவதைவிடப் பாடு. வீசும்போது உருளை ஓடும். பெருவிரலை அதன்மேல் லேசாக வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் ஸ்பூன் காலடியில் விழும். கொஞ்சம் குறைந்தால் உருளை மிஞ்சி ஓடி நூல் எல்லாம் சீப்பே பார்க்காத தலைமாதிரி ஆகிவிடும். முதல் வாரம் அதுதான் நடந்தது.

திரவியம் சுண்ணாம்புக் காளவாசலிலிருந்து வந்து பார்த்தான். "லே ஞானையா, இது பட்டு நூலா, தேங்காய்ச் சவுரியா?" என்றான். சிக்கெடுக்கிறேன் என்று உட்கார்ந்தான். இரண்டு கை இருந்தும் அவனுக்குப் பொறுமை இல்லை. கத்தரிக்கோல் கேட்டான். அவனை எழுப்பிவிட்டு நானே எடுத்தேன்.

இப்போது புத்தனாற்றுக் கால்வாயின் அந்தக் கரையில் ஒரு தேங்காய்ச் சிரட்டையை வைத்து அடிக்கிறேன். பெரும்பாலும் அதன் பக்கத்தில் விழுகிறது.

வீசின பிறகு கம்பை யார் பிடிப்பது என்பதுதான் கேள்வி. பழைய சைக்கிள் சீட்டுத் தோலை வாங்கி இடுப்பு வார் செய்தேன். அதில் ஒரு பித்தளைக் குவளை. கம்பின் அடியை அதில் ஊன்றிக்கொள்வேன். கழுத்திலிருந்து இன்னொரு வார் வந்து கம்பைத் தாங்கும். வலது கை ரீலைச் சுற்றும். மீன் ஓடினால் உருளையை அமுக்க விரல் வேண்டும், அந்த விரல்கள் கைப்பிடியில் இருக்கின்றன. ஆகவே உருளையின்மேல் ஒரு தோல் நாக்கு வைத்தேன். அதை இடது பக்கத்து மொட்டைக் கையால் அமுக்குகிறேன். நல்ல பிரேக். இரண்டு கை உள்ளவனுக்கு இந்த வசதி கிடையாது.

நேற்று திரவியத்தின் வள்ளத்தில் ஆக்குளம் பக்கம் போனோம். தண்ணீரோரக் கண்டல் மரத்தடியில் ஒரு கொடுவா ஸ்பூனை எடுத்தது. ஓடினது. பிரேக் பிடித்தது. பிறகு நூல் அறுந்தது. முனையைப் பார்த்தேன், பிளேடு போட்ட மாதிரி இருந்தது. கொடுவாவின் செவிள் ஓரம் கத்தி என்பதை மறந்துவிட்டேன். பட்டு நூலுக்கும் முள்ளுக்கும் நடுவில் முழ நீளம் எஃகுக் கம்பி வேண்டும். முறுக்கு ஏறாமல் இருக்க ஒரு திருகு வளையமும் வேண்டும். முள் தடிமனாக இருக்கட்டும். ஸ்பூன் ஆழமில்லாத இடத்தில் சேற்றில் போய்க் குத்துகிறது. மரத்தில் செய்த மீன், மெதுவாக இழுத்தாலும் நெளிகிற ஜாதி, இருக்கிறதா என்று பார்.

இந்தத் தடவை வாங்கச் சொல்லித்தான் எழுதுகிறேன்.

வேளிக்குப் போகும் வழியில் எதிரே வந்தவர்கள் என் கையைப் பார்க்கவில்லை. கம்பைப் பார்த்தார்கள்.

ஞானையன்


கொழும்பு,
1936 செப்டம்பர் 13.

பிரியமுள்ள அத்தானுக்கு,

எஃகுக் கம்பியும் திருகு வளையமும் இதோடு வருகின்றன. முள் வாங்கின கதையைக் கேளுங்கள். கடைக்காரர் எல்லாம் நல்ல முள் என்றார். எல்லாத் தினுசிலும் ஒன்று வாங்கிவந்து, ஆபரேஷன் அறை இடுக்கியால் பிடித்து, மேஜைக் காலில் மாட்டி நானும் சுசீலாபாயும் சேர்ந்து இழுத்தோம். ஒன்று ஊசி மாதிரி நிமிர்ந்துவிட்டது. ஒன்று முறிந்தது. அசையாமல் நின்றதைத்தான் அனுப்பியிருக்கிறேன்.

மர மீன்களை வார்டுக் குளியல் தொட்டியில் விட்டுப் பார்த்தோம். சுசீலாபாய் அந்தப் பக்கமிருந்து மெதுவாக இழுக்க, எது நெளிகிறது என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் மேட்ரன் வந்து நின்றது தெரியவில்லை.

"நர்ஸ், இது என்ன?"

"மீன், மேடம்."

"என் தொட்டியில் ஏன் மீன்?"

"வேகமாக இழுத்தால் எல்லாம் நெளிகின்றன மேடம். மெதுவாக இழுக்கையில் எது நெளிகிறது என்று தெரிய வேண்டும்."

மேட்ரன் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "அந்தப் பச்சை முதுகுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது சரி. பச்சை முதுகும் வெள்ளை வயிறுமாக உள்ளதை முதலில் போட்டுப் பாருங்கள்.

அதே மேட்ரன் மறுநாள் என்னைக் கூப்பிட்டார். ஆபரேஷன் வார்டின் முழுப் பொறுப்பையும் எனக்குத் தருகிறேன் என்கிறார். வெள்ளைக்காரி அல்லாத பெண் யாருக்கும் இதுவரை கொடுத்ததில்லையாம். இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். அக்டோபர் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அத்தான், இந்த வேலை எனக்கு ஆசைதான், மறைக்கவில்லை. ஆனால் வீடு எனக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நான் இங்கே கையெழுத்துப் போட்டால், அது உங்கள் வார்த்தைக்குப் பயந்து ஓடிவந்து ஒளிந்துகொண்ட மாதிரி ஆகும். நீங்கள் ரீலைப் பற்றி எழுதுகிறீர்கள், நூலைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் வாசலில் வந்து நின்றால் கதவு திறக்குமா என்று ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரியை எழுதுங்கள்.

எலிசாள்


சாக்கை,
1936 அக்டோபர் 18.

எலிசாளுக்கு,

உனக்குப் பதில் எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்தேன். இதை மட்டும் கிழிக்கமாட்டேன், ஏனென்றால் சொல்வதற்குச் சங்கதி இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பெய்த மழையில் காயல் நிரம்பிவிட்டது. விடிந்ததும் திரவியம் கதவைத் தட்டினான். "பொழி முறிஞ்சாச்சு. வாறியா?" என்றான். மணல்திட்டை உடைத்துக்கொண்டு காயல் கடலுக்குப் பாய்கிற நேரம். அந்த ஒழுக்கில் வருகிற பொடிமீனைத் தின்னக் கொடுவாக்கள் பாலத்துத் தூண்களின் மறைவில் வந்து நிற்கும். உனக்குத் தெரியாததில்லை.

ரயில் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி வள்ளத்தை நிறுத்தினான். மேட்ரனுடைய பச்சை முதுகைக் கட்டினேன். இரண்டு வீச்சு சும்மா வந்தது. மூன்றாவது வீச்சு தூணை உரசினாற்போல் விழுந்தது. ஒரு சுற்று சுற்றி நிறுத்தினேன். மறுபடி ஒரு சுற்று. தண்ணீர் அங்கே குழிந்தது. அவ்வளவுதான், சத்தம்கூட இல்லை. பிறகு கம்பு வில்லாக வளைந்துவிட்டது.

தூணைச் சுற்றிக்கொள்ளத்தான் போனது. சுற்றினால் நூல் அறும். தோல் நாக்கின்மேல் மொட்டைக் கையை வைத்து என் பலத்தை எல்லாம் கொடுத்தேன். தோல் சூடேறிப் புகை வாசனை வந்தது. புண் ஆறின இடம் தீயாக எரிந்தது. இல்லாத விரல்களும் சேர்ந்து வலித்தன. எடுத்தால் மீன் போய்விடும். எடுக்கவில்லை.

"நூலை இங்கே தா, நான் பிடிக்கேன்" என்று திரவியம் எழுந்தான்.

"தொடாதே."

"லே, வள்ளம் கவிழும்."

"வள்ளத்தை நீ பாரு. மீனை நான் பாத்துக்கிடுதேன்."

தூணுக்கு ஒரு சாண் இருக்கும்போது மீன் திரும்பியது. வெளியே வந்து குதித்தது. எலிசாள், அதன் முழு உடம்பும் வெளியே வந்தது. வாயைத் திறந்து தலையை உதறின உதறலில் எஃகுக் கம்பி கிலுங்கியது எனக்குக் கேட்டது. முள் நின்றது. உடனே எங்களை நோக்கி ஓடி வந்தது. சுற்றினேன். இந்த ரீல் அல்லாமல் வேறு எதுவாக இருந்தாலும் அங்கே கதை முடிந்திருக்கும். நூல் ஒரு கணமும் தொய்யவில்லை.

அப்புறம் கடலுக்குப் போகப் பார்த்தது. திரவியம் கழுக்கோலை ஊன்றி அதன் பின்னாலேயே வள்ளத்தை விட்டான். அது ஓடும்போது கொடுத்தேன், நிற்கும்போது எடுத்தேன். மணல்திட்டில் வள்ளம் தட்டியதும் நான் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டேன். பின்வாங்கிப் பின்வாங்கி ஈர மணல்வரை வந்தேன். கொடுவா பக்கவாட்டில் சாய்ந்தது. அதன் கீழ்த்தாடையில் பெருவிரலைக் கொடுத்து நானே தூக்கினேன். ஒரு கையால். வால் மணலில் இழுபட்டது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியவில்லை. உன் பேரைக் கத்தினேன் என்று திரவியம் சொல்லித் திரிகிறான். அவன் எதையும் கூட்டித்தான் சொல்வான்.

துடுப்பில் கோத்து இருவருமாகச் சுமந்து வந்தோம். சாக்கைப் படகுக் கடவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். "காளாஞ்சி, எந்தா வலுப்பம்" என்று கொடுவாவின் பருமனைப் பார்த்து வியந்தபடி கூட வந்தார்கள். காளவாசல் தராசில் வைத்தபோது சுண்ணாம்புச் சிப்பத்தைவிடத் தாழ்ந்தது. அன்றைக்கு எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் மாங்காய் போட்ட மீன்குழம்புதான். முள்ளைப் பார்த்தேன். நீ இழுத்துப் பார்த்த முள். ஒரு மயிரிழைகூட நிமிரவில்லை.

இனி நீ கேட்டதற்கு. வார்டை ஏற்றுக்கொள். இரண்டு வருஷம் என்றால் இரண்டு வருஷம். இடையில் லீவு எழுதிக் கேள். நீ எந்த ரயிலில் வந்தாலும் தம்பானூரில் பிளாட்பாரத்தில் நான் நிற்பேன். இது என் வீடு மட்டும் அல்ல, நீ தட்ட வேண்டியதில்லை.

நாளைக்கு மேல்சோலைக்குப் போகிறேன். இடுப்பு வார் மாதிரியே இன்னொரு தோல் வாரை வெட்டி, மொட்டைக் கையில் மாட்டுகிற மாதிரி செய்திருக்கிறேன். கொடுவாவைப் பிடித்தது ஸ்பானரைப் பிடிக்காதா.

உன்
ஞானையன்


மேல்சோலை எஸ்டேட், பொன்முடி,
1936 அக்டோபர் 25.

பிரிய எலிசாளுக்கு,

விதுரைவரை பஸ். மேலே தேயிலை லாரியில் ஏறிக்கொண்டேன். பழைய துரை மாறிப்போயிருக்கிறார். புதியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன்னால் என்ன செய்ய முடியும்?" என்றார். உள்ளே அதே உருட்டு மிஷின் தட்டித் தட்டி ஓடும் சத்தம் கேட்டது. "அதை நிறுத்தச் சொல்லுங்கள், செய்து காட்டுகிறேன்" என்றேன்.

ஸ்பானரைத் தோல் வாரில் செருகி, போல்ட்டை அதனால் பிடித்துக்கொண்டு, வலது கையால் நட்டைக் கழற்றினேன். மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் தேய்ந்த புஷ் வளையத்தை எடுத்து வேறு போட்டுப் பூட்டினேன். ஓடவிட்டேன். தட்டல் நின்றுவிட்டது. தொழிற்சாலையில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். துரை கையை நீட்டினார். முதல் தேதியிலிருந்து வரச் சொன்னார்.

அந்த மிஷினின் வாய்க்கு இரும்பு அடைப்பு வைத்தால்தான் வருவேன் என்றேன். சம்மதித்தார். அடைப்பை நானே அடித்து மாட்டிவிட்டேன். இனி அதில் யார் கையும் போகாது.

நீ எப்போது வருகிறாய்?

உன்
ஞானையன்


கொழும்பு,
1936 நவம்பர் 8.

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

இரண்டு கடிதமும் அடுத்தடுத்து வந்தன. கொடுவா கடிதத்தை வார்டில் எல்லோருக்கும் வாசித்தேன். தூணுக்கு ஒரு சாண் என்ற இடத்தில் தையல் போட்டுப் படுத்திருந்தவர் ஒருவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார், அவரைத் திட்டிப் படுக்க வைத்தேன். மேட்ரன் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பச்சை முதுகு என்று வருகிற இடத்தில் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். மேல்சோலைக் கடிதத்தை யாருக்கும் வாசிக்கவில்லை. அது எனக்கு.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்த மாசம் முதல் ஆபரேஷன் வார்டு என் பொறுப்பு. கிறிஸ்துமஸுக்கு லீவும் வாங்கிவிட்டேன். இருபத்துமூன்றாம் தேதி காலை தம்பானூரில் இறங்குவேன்.

நேற்று கடைக்குப் போனேன். கடைக்காரர் பேச வாயெடுத்தார். பொறுங்கள் என்று சொல்லிவிட்டு நானே உள்ளே போய்ப் பார்த்தேன். மூங்கில் கம்பு, உங்களுடையதைவிட ஒரு பிடி குட்டை, நுனி கொஞ்சம் விறைப்பு. தூணடியிலிருந்து மீனைத் திருப்ப அந்த விறைப்பு வேண்டும். பல்சக்கர ரீலில் கைப்பிடி ஆடாததாக ஒன்றைப் பொறுக்கினேன். பட்டு நூலைக் காதருகில் வைத்து இழுத்து, இழை முறிகிற சத்தம் வராததை எடுத்தேன். பச்சை முதுகில் இரண்டு. முள்ளை அங்கேயே அவர் மேஜையில் மாட்டி இழுத்துப் பார்த்தேன், அவரே மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

கட்டிக் கொடுக்கும்போது, "உங்கள் வீட்டுக்காரருக்கு இன்னொன்றா?" என்று கேட்டார்.

"இல்லை, எனக்கு" என்றேன்.

உங்கள்
எலிசாள்